பெயர் சென்னை, ஊர் கோவை

கீழ்க்கட்டளையில், ஏரிக்குச் சற்றுத் தொலைவில், எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் யாரோ, எந்த ஊரில் இருக்கிறாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் அதை அனுபவிக்கிறவர்கள் யார் என்பது தெருவுக்கே தெரியும். பதினைந்து இருபது பையன்கள், அவர்களோடு வாதாடி இடம் பிடித்துக்கொண்ட இரண்டு பெண்கள், ஒரு பந்து. நான்கு செங்கற்களை நட்டுவிட்டால் இரண்டு கோல்கள் தயார். நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி இதுவரை இரண்டு முறை அவர்களுடைய பராக்கிரமத்துக்குப் பலியாகியிருக்கிறது.

அந்த வீரர்களில் ஒருவன் நம் பேரன். சென்ற வாரம் ஒருநாள் முழங்கால் புழுதியோடு வந்து உட்கார்ந்து, "தாத்தா, தேசியக் கால்பந்து லீகில் தமிழ்நாடு ஒரு தடவையாவது ஜெயித்திருக்கிறதா?" என்று கேட்டான்.

"ஜெயித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டில். சென்னை ஸிட்டி என்ற கழகம்."

"சென்னையின் எப்.ஸி.யைச் சொல்கிறீர்களா?"

"அது வேறு, இது வேறு."

"அப்படியானால் சென்னையில் எந்த மைதானத்தில் ஆடினார்கள்?"

"சென்னையில் ஆடவில்லை. கோயமுத்தூரில் ஆடினார்கள்."

பையன் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, "இப்போது எங்கே ஆடுகிறார்கள்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு நம்மால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே விஷயத்தை ஆதியிலிருந்தே சொல்லிவிடுவோம்.

தோற்றவர் மூட்டை கட்டும் கோப்பைப் பந்தயம் ஒரு கல்யாணத்தைப் போன்றது. மேளமும் கொட்டுமாகச் சில நாளில் முடிந்துவிடும். லீக் பந்தயமோ குடித்தனம். மாதக்கணக்கில், வெயிலிலும் மழையிலும், சொந்த ஊரிலும் அசலூரிலும் ஆட வேண்டும். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று, தோற்றால் பூஜ்யம். கடைசியில் கணக்கைக் கூட்டிப் பார்த்தால்தான் யார் கெட்டிக்காரக் குடித்தனக்காரர் என்பது வெளியாகும். நம் நாட்டில் இத்தகைய தேசிய லீக் 1996-இல் தொடங்கிற்று. முதல் வாகை பஞ்சாபின் ஜே.ஸி.டி. ஆலைக் கழகத்துக்குப் போயிற்று. 2007-இல் அது 'ஐ-லீக்' என்று புதுப்பெயர் பூண்டது. கல்கத்தா ஜெயித்தது, கோவா ஜெயித்தது, பம்பாயும் பெங்களூரும் ஜெயித்தன. மலைநாடான மிஸோரத்தின் ஐஸால் கழகம்கூட 2017-இல் ஜெயித்தது. தமிழ்நாட்டின் முறை மட்டும் வரவே இல்லை.

சென்னை ஸிட்டி பழைய கழகம். 1946-இல் நேதாஜியின் பெயரைத் தாங்கி, ஒரு விளையாட்டுக் கழகமாகத் தோன்றியது. எழுபது வருஷம் கழித்து 2016-17 பருவத்தில்தான் ஐ-லீகுக்குள் அடியெடுத்து வைத்தது. அப்போது ஐ.எஸ்.எல். என்னும் இன்னொரு லீகும் நடந்து வந்தது. சென்னை நேரு ஸ்டேடியம் அந்த லீகில் ஆடிய சென்னையின் கழகத்தின் இருப்பிடமாக இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் எத்தனை நாள் நடக்கும்? அடுத்த பருவத்திலேயே சென்னை ஸிட்டி கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடிபோயிற்று. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் அடிப்பாகத்தில்தான் இடம் கிடைத்தது. 2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயின் நாட்டுக் கழகங்களில் ஆடிப் பழகிய பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லவா முதலியோர் வந்தார்கள். அவர்களோடு எட்வின் ஸிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவது அவர்கள் வழக்கமல்ல. தரையோடு தரையாக ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு அனுப்பிக்கொண்டே முன்னேறினார்கள். மான்ஸி அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல்கள் போட்டார். சர்ச்சில் சகோதரர்கள் கழகத்தின் வில்லிஸ் பிளாஸாவும் அதே 21 போட்டு அவருக்குச் சரிநிகராக நின்றார்.

மொத்தம் பதினொரு கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது ஆட்டங்கள். பத்தொன்பது முடிந்தபோது சென்னை ஸிட்டிக்கு 40 புள்ளிகள். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் எத்தனையோ கோப்பைகள் கண்ட கழகம். ஆயினும் 2004-க்குப் பிறகு தேசிய லீக் அதன் கைக்கு எட்டவில்லை. அவர்களுடைய தாகமும் சாமானியமானதல்ல.

2019 மார்ச் 9-ஆம் தேதி இரண்டு மைதானங்களில் ஒரே வேளையில் ஆட்டம். கோவையில் சென்னை ஸிட்டி முந்திய ஆண்டுச் சாம்பியனான மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை எதிர்த்தது. கோவை ரஸிகர்கள் ஆசனத்தில் அமர்ந்து மூச்சுவிடுவதற்குள், மூன்றாவது நிமிஷத்திலேயே, மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். இடைவேளை வரை அதே நிலைமை. தோற்றால் போயிற்று. சமன் செய்தாலும் 41 புள்ளிதான். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் அவர்களுக்கு 42.

56-ஆவது நிமிஷத்தில் சென்னைக்குப் பெனால்டி கிடைத்தது. மான்ஸி அதைக் கோலாக்கினார். பிறகு நடந்ததுதான் விந்தை. இருபத்தொரு கோல் போட்டவர் ஒருபுறம் இருக்க, கோல் விழாமல் காப்பதே தொழிலாகக் கொண்ட பின்கள வீரர் கௌரவ் போரா முன்னே வந்தார். 69-ஆவது நிமிஷத்தில் ஒரு கோல், ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோல். மூன்றுக்கு ஒன்று! அங்கே கோழிக்கோட்டில், முதலில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் விடாமல் போராடி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது. சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42. அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு காவல்காரப் பிள்ளையின் காலால் தமிழ்நாட்டுக்கு முதல் தேசிய லீக் கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கும் சந்தோஷம், பேரனுக்கும் சந்தோஷம். ஆனால் குடித்தனக் கதைகள் கோப்பையோடு முடிவதில்லை. அதே 2019-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கழகம் சென்னை ஸிட்டியில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. 'இனிக் கவலையில்லை' என்று பலரும் எண்ணினார்கள். அதே ஆண்டிலேயே நாட்டின் முதல் லீக் என்ற ஸ்தானம் ஐ-லீகை விட்டு ஐ.எஸ்.எல்.லுக்குப் போயிற்று. சாம்பியன் ஏறி நின்ற ஏணியே ஒரு படி கீழே இறங்கிவிட்டது! 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்கள் பந்தயத்தின் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிபா கழகத்திடம் ஒரு கோலில் சென்னை தோற்றது. அதே மாதம் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2020-21 பருவத்துக்குப் பின் தேசிய லீகில் சென்னை ஸிட்டி என்ற பெயரே காணப்படவில்லை. வாகை சூடி இரண்டே வருஷம்!

போன ஆட்டக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. திறமை உள்ளவன் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவது நியாயந்தான். நம்மை உறுத்துவது வேறொன்று. சென்னைவாசிகள் அதைக் கோவைக் கழகம் என்று எண்ணி அசட்டையாக இருந்தார்கள். நாமும் அந்த அசட்டைக்காரர்களில் ஒருவர்தான். அந்த மார்ச் மாத மாலையில் கிரிக்கெட் பேச்சில் மூழ்கியிருந்தோம். மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஸ்பெயின் வீரர்களைப் பணம் கொடுத்து வரவழைக்கலாம். 'இது எங்கள் கழகம்' என்று சண்டைக்கு வரும் ஊரை எங்கிருந்து வரவழைப்பது? ஈஸ்ட் பெங்கால் பதினைந்து வருஷம் லீக் ஜெயிக்காமலே உயிரோடு இருந்தது. அதற்கு அப்படி ஓர் ஊர் இருந்தது. சென்னை ஸிட்டி ஜெயித்தும் நிலைக்கவில்லை.

இவ்வளவையும் பேரனிடம் சொன்னோம். அவன் சிரத்தையாகக் கேட்டான். அவனுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அன்று மாலை யாரோ இருவர் வந்து காலி மனையில் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்களாம். ஆவணி மாதம் அஸ்திவாரம் போடுகிறார்களாம்.

"பிறகு எங்கேயடா ஆடுவீர்கள்?" என்று கேட்டோம். ஜன்னல் கண்ணாடிக்கு இனி ஆபத்தில்லை என்ற எண்ணம் ஏனோ ஆறுதல் தரவில்லை.

"மடிப்பாக்கத்தில் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறோம், தாத்தா. டீமுக்குப் பெயர் என்னவோ கீழ்க்கட்டளைதான். ஆனால் நீங்கள் அங்கே வந்து பார்க்க வேண்டும்" என்றான்.

வருவதாக வாக்களித்திருக்கிறோம்.