நோயாளியின் சொல்

சித்த வைத்தியமா, இங்கிலீஷ் வைத்தியமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைக் கேட்டு எழுதுவது நம்மவர்களுக்குச் சௌகரியமான காரியம். பதில் எதுவானாலும் கட்டுரை தயார். லேகியம் என்றால் மரபு, ஊசி என்றால் நவீனம். நோயாளிக்கு இந்தக் கவலை கிடையாது. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறாள். தேறவில்லையென்றால் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். குடித்ததை டாக்டரிடம் சொல்வதில்லை, திட்டு விழும் என்று தெரியும். 2012இல் டெங்கு வந்தபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரும் கொடுத்தது, மாத்திரையும் கொடுத்தது. தத்துவ மோதலெல்லாம் நம் பேனாவில்தான்.

பழனி மலைத்தொடரையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்து ஊரில், போகர் நவபாஷாணத்தால் செய்ததாகச் சொல்லப்படும் முருகன். அந்த மரபுக்கு ரசம், அதாவது பாதரசம், முக்கியமான சரக்கு. மேலே கொடைக்கானலில் எண்பதுகளில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அதிலும் ரசம்தான். சித்த மருந்தில் பாதரசம் இருக்கிறது, ஜாக்கிரதை என்கிறது நவீன வைத்தியம் (நியாயமான எச்சரிக்கைதான்). தன் நோயாளியின் நாக்கடியில் வைக்கிற கருவியை யார், எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு செய்தார்கள் என்று அது கேட்டதில்லை. கண்ணாடி அமெரிக்காவிலிருந்து வந்தது. தெர்மாமீட்டர்கள் அங்கே திரும்பிப் போயின. உடைந்த சில்லுகள் மூஞ்சிக்கல் காயலான் கடைக்குப் போயின. 2001 மார்ச்சில் அங்கே 7.4 டன் கண்டுபிடிக்கப்பட்டது. இந்துஸ்தான் லீவர் ஆலையை மூடியது.

நோயாளியின் கருத்து என்கிற சமாச்சாரம் உண்மையில் பரீட்சைக்கு வந்தது அப்போதுதான். ஆலையில் வேலை பார்த்தவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொன்னார்கள். பாதரசத்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்றது கம்பெனி. உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007இல் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை பாதிப்புக்கு முகாந்திரம் உண்டு என்றது. 2016இல் 591 பேருக்காக ஓர் உடன்படிக்கை. அதுவும் மனிதாபிமானத்தின் பேரில். ஆலை மூடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

எந்த வைத்தியத்தில் நம்பிக்கை என்று கேட்டால் அவன் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்கிறோம். இந்த ஆவி என் உடம்பை இன்னது செய்தது என்று அவனாகச் சொன்னால் ஆதாரம் எங்கே என்கிறோம். அவனுடைய நம்பிக்கை நமக்கு வேண்டியிருக்கிறது, அறிவு வேண்டியிருக்கவில்லை.

கொடைக்கானல் மூடுபனியைப் பற்றி நம்மிடம் கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை மலையேறும் நண்பர், அந்த 591 வீடுகளில் ஒன்றிரண்டில் உட்கார்ந்து கேட்டு எழுதி வரட்டும். அதற்காக என் பக்கத்தை விட்டுக்கொடுக்கிறேன்.