ஆறு சக்கரத்து மரியாதை

போன மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்துபோனது. ஜாதகம் பொருந்தியிருந்தது. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பையன் என் அக்கா மகன். மத்திய அந்தமானில் உள்ள எங்கள் ரங்கத்தில் சொந்த வண்டி ஓட்டுகிறான். வண்டிக் கடனை அடைத்து முடித்துவிட்டான், குடிப்பழக்கம் இல்லை. பெண்ணின் பெரியப்பா பஜாரில் வண்டியைப் பார்த்துவிட்டுப் போய் போனில் சொன்னார்: "சொந்த லாரின்னு சொன்னீங்க, நிக்கிறது குட்டி யானைல்ல. நாங்க கொஞ்சம் பெரிய எடமா பாக்குறோம்."

பேச்சு முறிந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் பையன் வந்து, "மாமா, இதைக் குடுத்துட்டு ஃபைனான்ஸ்ல ஆறு சக்கரம் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடனில்லாத ஒருவனை ஒரே ஒரு வார்த்தையில் கடன்காரனாக்கக் கூடிய நம்பிக்கை எவ்வளவு கெட்ட நம்பிக்கை! பெரிய வண்டி வைத்திருப்பவன் பெரிய மனிதன், சின்ன வண்டிக்காரன் இன்னும் முன்னேறாதவன் என்று ஊரே நினைக்கிறது. படித்தவரும் நினைக்கிறார், கடன் கொடுப்பவரும் நினைக்கிறார். வண்டி ஓட்டிப் பிழைப்பவனே அப்படி நினைக்கத் தொடங்கிவிட்டதுதான் கொடுமை.

ரங்கத்தில் என்ன சரக்கு ஓடுகிறது என்று ஒரு நாள் பஜாரில் நின்று பார்க்கட்டும். பாக்கு மூட்டை, தேங்காய், வாழைத்தார், ஐஸ் போட்ட மீன் பெட்டி, கேஸ் சிலிண்டர், ஹாலோ பிளாக், கல்யாண வீட்டு நாற்காலி. லாங் ஐலண்ட் படகில் ஏற்ற வேண்டிய சாமான் யெரட்டா துறைக்குப் போகும். பக்குல்தலா, சபரி, பர்ணசாலா, தசரத்பூர் என்று ஊர் ஊராகச் சில்லறை சில்லறையாகப் பிரிந்து போகிற சரக்குதான் எல்லாம். இங்கே எஸ்டேட் முதலாளி யார் இருக்கிறார்? காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களின் கையில் சில ஏக்கர் நிலம்தான் இருக்கிறது. அதில் ஒரு முறைக்கு விழும் பாக்கு பத்துப் பதினைந்து மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ என்றால் பதினைந்து மூட்டை 750 கிலோ. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதன் சுமைத்திறன் சரியாக 750 கிலோ. எங்கள் தோட்டத்தை அளந்துபார்த்துச் செய்தது போல இருந்தது.

அந்த வண்டியில் சரக்கு ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பர்ணசாலாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் அடிக்கடி பார்ப்பேன். வண்டி 1.5 மீட்டர் அகலம், 3.8 மீட்டர் நீளம். பாக்கு மரங்களுக்கு நடுவில் மண் பாதையிலேயே பின்னால் வந்து நிற்கிறது. பின்கதவை இறக்கினால் தட்டு இடுப்புயரத்துக்கு வருகிறது. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் மூட்டையைப் பிடித்து ஒரு தள்ளு, உள்ளே போய்விடுகிறது. சுமைகூலி இல்லை. ஆள் தேடி பஜாருக்கு ஓட வேண்டியதில்லை. ஆறு சக்கர லாரியின் தட்டு ஒரு ஆளின் நெஞ்சுக்கு மேலே நிற்கும். அதில் ஏற்ற நாலு ஆள் வேண்டும். அதற்கு முன்னால் லாரி நிற்கும் தார்ச்சாலைவரை மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டும், ஏனென்றால் லாரி தோட்டத்துக்குள் நுழையாது. வழியிலுள்ள சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. ஏஸ் 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடுகிறது. வழியில் டயர் போனால் பன்னிரண்டு அங்குல டயர், ஒரு ஆளே ஜாக்கி போட்டு மாற்றிவிடுவான். லாரியின் டயரை மழையில் ஒற்றை ஆளாய் மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

பெரிய வண்டியில் ஒரே நடையில் நிறைய ஏற்றலாமே என்பார்கள். எதை ஏற்றுவது? ரங்கத்திலிருந்து போகும்போது சரக்கு இருக்கிறது, திரும்பும்போது இல்லை. அல்லது போர்ட் பிளேயரிலிருந்து வரும்போது இருக்கிறது, போகும்போது இல்லை. நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவருக்கு நாலு மாநிலம் திறந்து கிடக்கிறது. இறக்கிய ஊரிலேயே அடுத்த லோடு கிடைக்கும். நமக்கு இருப்பது ஒரே சாலை, ஏ.டி.ஆர். என்னும் அந்தமான் டிரங்க் ரோடு. ஒரு முனையில் திக்லிபூர், மறுமுனையில் போர்ட் பிளேயர். நடுவே ஜிர்க்காடாங் செக்போஸ்டில், காப்புக்காட்டைக் கடக்கும் கான்வாய்க்குக் காத்திருக்க வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் மாதத் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலி லாரியின் தவணையை யார் கட்டுவார்? பெண்ணின் பெரியப்பாவா?

ஜப்பானைப் பாருங்கள். நம்மைப் போலவே தீவு. நம்மைப் போலவே மலையும் குறுகிய சாலையும். அந்த நாட்டு விவசாயி என்ன வண்டி வைத்திருக்கிறார்? 'கேய் டிரக்' என்னும் பொடி வண்டி. இன்ஜின் 660 சி.சி.க்கு மேல் இருக்கக் கூடாது, நீளம் 3.4 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 1.48 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று சட்டமே போட்டு, அதற்கு வரிச்சலுகையும் கொடுத்து வளர்த்தார்கள். சுமைத்திறன் வெறும் 350 கிலோ. நம் குட்டி யானையில் பாதிகூட இல்லை. டைஹாட்சு ஹைஜெட் 1960இல் வந்தது, சுசூகி கேரி 1961இல். அறுபது ஆண்டு தாண்டியும் அந்த வண்டிகள் அங்கே வயல் வரப்போரம் நிற்கின்றன. உலகத்துக்கே லாரி விற்கிற நாடு, தன் விவசாயிக்கு 350 கிலோ வண்டி போதும் என்கிறது. அவர்களுக்கில்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலும் இப்போது இதுதான் நடக்கிறது. யானை போலப் பெரிய பிக்அப்கள் பிறந்த நாடு அது. அங்கே 25 வயது தாண்டிய வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்யலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, பண்ணைக்காரர்கள் ஜப்பானில் ஓடிக் கழித்த கேய் டிரக்குகளைக் கப்பலேற்றி வரவழைக்கிறார்கள். அவற்றைச் சாலையில் விடலாமா கூடாதா என்று மாநிலத்துக்கு மாநிலம் சண்டை. பணமும் இடமும் பெட்ரோலும் உள்ள நாட்டு விவசாயியே 350 கிலோ வண்டியைத் தேடி வாங்குகிறார். ரங்கத்தில் ஆறு சக்கரம் இல்லாவிட்டால் பெண் கிடையாது!

நம் நாட்டுக் கதையும் வேறல்ல. டாடா 407 வந்தது 1986இல். அதற்கும் கீழே, மூன்று சக்கர ஆட்டோவுக்கும் மேலே ஒரு வண்டி வேண்டும் என்று கண்டுகொண்டு ஏஸை இறக்கினார்கள். இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல், 16 குதிரைத்திறன். பன்னிரண்டு ஆண்டில் 20 லட்சம் வண்டி விற்றது. கனரக லாரிக்குப் பெயர் போன அசோக் லேலண்டே நிஸானோடு சேர்ந்து 2011இல் ஓசூரில் 'தோஸ்த்' செய்தது. 2016இல் மாருதி 'சூப்பர் கேரி'யோடு வந்தது. நான் மேலே சொன்ன அதே ஜப்பான் கேரியின் வாரிசு. லாரி செய்து கோடி கோடியாய்ச் சம்பாதித்தவர்களுக்குப் புரிந்த கணக்கு, லாரியையே வாங்காத பெரியப்பாவுக்குப் புரியவில்லை.

சட்டமும் சின்ன வண்டிக்காரன் பக்கம்தான் இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. 7,500 கிலோ வரை இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆறு சக்கரத்துக்கு மாறினால் கனரக உரிமம், பெர்மிட், அதிக இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும்.

சாலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏ.டி.ஆரில் போகிறவர்கள் எல்லாரும் குழியைத் திட்டுகிறார்கள், காண்ட்ராக்டரைத் திட்டுகிறார்கள், மழையைத் திட்டுகிறார்கள். இரண்டு பருவமழையும் கொட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் தார் நிற்காதுதான். ஆனால் மழையில் ஊறிய சாலையை உடைப்பது எது? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலை போட்டு, லாரிகளை இரவு பகலாக ஓட்டிச் சோதித்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று தெரிந்தது. சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. பத்து மடங்கானால் பத்தாயிரம் மடங்கு. இந்தியாவில் 2018இல் நாலு டயர் பின் அச்சுக்கு அனுமதித்த சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். குட்டி யானை முழுச் சுமையோடும் மொத்தமே ஒன்றரை டன்தான். பத்து குட்டி யானை பத்து நடை அடித்தாலும் ஒரு லாரி ஒரு நடையில் செய்யும் சேதத்தைச் செய்யாது. பெரிய வண்டியை மரியாதை என்று கொண்டாடிக்கொண்டே குழியைப் பற்றிப் புலம்புகிறோம்.

அந்தச் சாலை யார் காட்டுக்குள் போகிறது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். ஆதிகுடிகளான ஜாரவா மக்களின் காப்புக்காட்டைக் கிழித்துக்கொண்டு போகும் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002லேயே உத்தரவிட்டது. இன்றும் வண்டி ஓடுகிறது. எங்களுக்கு வேறு வழி இல்லை, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அதில்தான் போகிறோம். ஆனால் சிமெண்டும் அரிசியும் கம்பியும் ஏன் அந்தக் காட்டு வழியாக லாரியில் வர வேண்டும்? ரங்கத் பேயில் துறை இருக்கிறது, சுற்றிலும் கடல் இருக்கிறது. தீவில் இருந்துகொண்டு கடலை மறந்துவிட்டு லாரியைக் கனவு காண்கிறோம்.

இந்தப் பெரிசுப் பைத்தியம் மாப்பிள்ளை பார்ப்பவரோடு நிற்கவில்லை. கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் சேர்த்து 72,000 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டார்கள். 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தார்கள். பேராமைகள் முட்டையிடும் கரை அது. இங்கே மத்திய அந்தமானில் ஒரு கிராமத்துச் சாலைக்கு இரண்டு சிறுபாலம் கட்டுங்கள், கடைசி ஊருக்கு இன்னொரு பஸ் விடுங்கள் என்று கேட்டால் நிதி இல்லை. பஸ் இல்லாத ஊரில்தான் ஜனங்கள் சரக்கு வண்டியின் பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது தப்பு, உயிருக்கு ஆபத்து. அந்தப் பழியையும் குட்டி யானையின் தலையிலேயே போடுகிறார்கள். பஸ் விடாதவர்களை ஒருவரும் கேட்பதில்லை. ஊருக்கு வேண்டியது சின்னதாக இருந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அக்கா மகனுக்கும், அவனைப் போல விற்கலாமா என்று யோசிக்கும் பையன்களுக்கும் சொல்கிறேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்தில் எத்தனை நாள் பத்து டன் சரக்கு உங்களுக்குக் கிடைக்கும் என்று எழுதுங்கள். அந்த எண்ணைத் தவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 750 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அதிகச் சுமைக்கு இப்போது அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, அச்சும் முறியும்.

நிர்வாகத்தை நான் கேட்பது ஒன்றுதான். போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே வரும் கனத்த சரக்கைக் கப்பலில் ஏற்றி நேராக ரங்கத் பேயில் இறக்குங்கள். துறையிலிருந்து வீட்டு வாசல்வரை கொண்டுசேர்க்க எங்களிடம் வண்டி இருக்கிறது, ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.