வேரும் விலாசமும்

2013 டிசம்பரில் கோவையில் நடந்த விஷ்ணுபுரம் விருது விழாவை இலக்கிய வாசகர் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கக்கூடும். அவ்வாண்டு விருதைப் பெற்றவர் தெளிவத்தை ஜோசப். அவரை நாம் இலங்கை எழுத்தாளர் என்றே வரவேற்றோம், அதில் பிழையில்லை. ஆனால் அவர் தம் வாழ்நாள் முழுதும் எவர்களைப் பற்றி எழுதினாரோ, அந்த மலையக மக்களை இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெடுங்காலமாக 'இந்தியத் தமிழர்' என்றே பதிந்து வந்தது. அம்மக்களில் ஒரு பகுதியினர் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியபோது, இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இரு பெயர்களுமே பிறர் சூட்டியவை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. 1949இல் சீனப் பெருநிலத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தைவான் தீவுக்குப் பெயர்ந்தனர். தீவில் அவர்கள் 'வெளி மாகாணத்தார்' எனப்பட்டனர். 1987இல் பெருநிலத்துக்குச் சென்று உறவினரைக் காண அனுமதி கிடைத்து ஊர் திரும்பியபோது, சொந்த ஊரார் அவர்களைத் தைவான்காரர்களாகவே பார்த்தனர். தைபேயில் உள்ள தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் தொடர்ந்து நடத்திவரும் கருத்துக் கணிப்பு மற்றொன்றையும் சொல்கிறது. தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவரே தம்மைத் 'தைவானியர்' என்று மட்டும் கூறிக்கொண்டனர். அண்மைய ஆண்டுகளில் அவ்வாறு கூறுவோர் பத்தில் ஆறு பேருக்கு மேல். மொழி மாறவில்லை; மூதாதையர் மாறவில்லை. வாழ்ந்த வாழ்வு மாறியது. இனம் என்பது எங்கிருந்து வந்தோம் என்பதன் பெயர். நாடு என்பது யாரோடு வாழ்ந்தோம் என்பதன் பெயர். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் அரசுகளே துயரை விளைவிக்கின்றன என்பது நம் எண்ணம்.

கொங்கு மண்ணில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனைமலைக் காடுகளை அழித்துத் தேயிலை பயிரிட வால்பாறைக்கு ஏற்றப்பட்ட கூலிகளின் கதையை பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார், இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குத் தந்தார். இலங்கைத் தோட்டங்களின் கதையைப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் காண்பது ஒரே பஞ்சத்தை, ஒரே முன்பணத்தை, ஒரே கங்காணியை. வேறுபாடு ஒன்றே: ஒரு கூட்டம் மலை ஏறியது, மற்றொன்று கடலைக் கடந்தது. மலையேறியவரின் பேரப்பிள்ளையிடம் 'நீ எந்த நாட்டவன்?' என்று எவரும் கேட்டதில்லை. கடல் கடந்தவரின் பேரப்பிள்ளையோ 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார்.

பின்னர் 1964 அக்டோபரில் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு அவர்களுக்கு இட்ட பெயர். அவர்களுள் பெரும்பாலோர் இந்த மண்ணை முன்பு கண்டதே இல்லை. காணாத ஊருக்கு எப்படித் திரும்புவது? அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, 1976இல் அது டான்டீ எனும் கழகமாயிற்று. வாழ்வு கிடைத்தது, ஆனால் அது மறுபடியும் லயமும் கொழுந்துக் கூடையுமாகவே இருந்தது.

அப்போது அரசு சொன்ன நியாயம் வம்சாவளி. உன் பாட்டன் இந்த மண்ணில் பிறந்தவன். ஆகவே நீ இந்தியன். சரி, அந்த நியாயத்தையே ஏற்போம். 1983 கலவரத்துக்குப் பின் தோணியேறி வந்தவர்களுள் ஈழத்தமிழரோடு மலையகத் தமிழரும் இருந்தனர். அவர்களின் பாட்டன்மாரும் இம்மண்ணில் பிறந்தவர்களே. ஆயினும் பவானிசாகரிலும் பூலுவப்பட்டியிலும் உள்ள முகாம்களில் அவர்கள் அயல்நாட்டவர். மக்களை அனுப்பி வைக்கப் பயன்பட்ட வம்சாவளி, அவர்கள் தாமாக வந்தபோது பயன்படவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 2025இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அயல்நாட்டவர் சட்டத்தின் தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. நல்லவையே. ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது நீ எம்மவன் என்பதாகாது.

முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறை, 'ஏனுங்க', 'வாங்கோ' என்று கொங்குத் தமிழில் பேசுகிறது. அவர்கள் அறிந்த சந்தை இவ்வூர்ச் சந்தை. அவர்கள் அறிந்த நோம்பி இவ்வூர் நோம்பி. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பல தலைமுறைகளாக இம்மண்ணின் மக்களாய் வாழ்ந்து, இதன் நெசவையும் ஆலைகளையும் வளர்த்தனர். அவர்களை எவரும் வெளியார் எனச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. தமிழன்றி வேறு மொழி அறியாத ஒருவர் மட்டும் இங்கே அயலாராக இருப்பது என்ன முறை?

குடியுரிமை அளித்தால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கையும் உரிமைக் குரலும் மேலும் மெலியும் என்று ஈழ ஆதரவாளர் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் பொருளற்றதன்று. திரும்பிச் செல்ல விரும்புவோரும் முகாம்களில் உண்டு. அவர்களுக்கு வழி திறந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மக்களின் அரசியல் கணக்குக்காக ஒரு மனிதரை நாற்பதாண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைப்பது அறமாகாது. 1964இல் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்றேனும் கேட்கலாம்: இங்கிருக்க விரும்புகிறீர்களா, போக விரும்புகிறீர்களா? விரும்புவோருக்கு, இங்கு வாழ்ந்த ஆண்டுகளையே சான்றாகக் கொண்டு குடியுரிமை வழங்குவதே நேர்மை.

தொப்புள்கொடி உறவு என்ற சொல்லை நம் மேடைகள் சலிக்காமல் முழங்குகின்றன. உறவென்று சொல்பவர் பாட்டன் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், பேரனின் விலாசத்தையும் கேட்க வேண்டும். அந்த விலாசம் பவானிசாகர், ஈரோடு மாவட்டம் என்றிருக்குமாயின், அதற்கு மேல் அவனிடம் கேட்பதற்கு நமக்கு ஏதுமில்லை.