செயின்சா வாங்கப் போகிறீர்களா? சிசி-யை மட்டும் பார்க்காதீர்கள்!

''நான்கு ஏக்கரில் தென்னை, இரண்டு ஏக்கரில் சவுக்கு இருக்கிறது. காய்ப்பு குறைந்த தென்னைகளை வெட்டவும், மற்ற நாள்களில் வெளியில் கூலிக்கு மரம் அறுக்கவும் செயின்சா வாங்க இருக்கிறேன். ஒரு கடையில் 'ஸ்டில்', இன்னொரு கடையில் 'ஹஸ்க்வர்னா' சிறந்தது என்கிறார்கள். மூன்றாவது கடையில், பெயர் தெரியாத கம்பெனியின் 58 சிசி மெஷினைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். நகையை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?''

- வாசகர், பேராவூரணி.

''ஸ்டில் ஜெர்மனி நிறுவனம். ஹஸ்க்வர்னா ஸ்வீடன் நிறுவனம். இரண்டுமே தரமானவை. எந்த கம்பெனி என்பதைவிட, எந்த ரகம் என்பதுதான் முக்கியம். இரண்டு கம்பெனிகளிலும் பண்ணை உபயோகத்துக்கு ஒரு ரகமும், தினமும் மரம் அறுப்பவர்களுக்கு ஒரு ரகமும் இருக்கின்றன.

சிசி மட்டும் மெஷினின் பலத்தைச் சொல்லாது. கிலோவாட் கணக்கையும் பாருங்கள். ஸ்டில் எம்.எஸ்.250 மெஷின் 45.4 சிசி, 2.3 கிலோவாட். ஹஸ்க்வர்னா 445 மெஷின் 45.7 சிசி, 2.1 கிலோவாட். இரண்டும் பண்ணை ரகம். தொழில்முறை ரகமான ஸ்டில் எம்.எஸ்.261 மெஷினில் 50.2 சிசி-க்கே 3 கிலோவாட் கிடைக்கிறது. இன்ஜின் கூடும் மெக்னீசியத்தால் ஆனது. தினசரி வேலையைத் தாங்கும். பெயர் தெரியாத மெஷினில் 58 சிசி என்று ஒட்டியிருந்தாலும், கிலோவாட் விவரமும் உதிரிபாகமும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் என்றால், 45 சிசி பண்ணை ரகமும் 16 அல்லது 18 அங்குல பாரும் போதும். மாதத்தில் பாதி நாளாவது கூலி வேலை உறுதியாகக் கிடைக்கும் என்றால் மட்டும் தொழில்முறை ரகத்துக்குப் பணம் போடுங்கள். அது உறுதியாகத் தெரியாதவரை நகையை அடகு வைக்க வேண்டாம். பண்ணை ரகத்தில் தொடங்கி, வேலை பெருகிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கம்பெனியை முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. கடைக்காரரிடம் கார்புரேட்டர், கிளட்ச், ஆயில் பம்ப், செயின் ஆகியவற்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கடையில் இவை கையிருப்பில் இருந்து, பழுது பார்க்க ஆளும் இருக்கிறாரோ, அந்த கம்பெனி மெஷினை வாங்குங்கள். வேலை இருக்கும் நாளில் மெஷின் பழுதாகிக் கிடந்தால், வட்டி மட்டும்தான் ஏறும். பிரபல கம்பெனிகளின் பெயரில் போலிகளும் வருகின்றன. எனவே, அங்கீகாரம் பெற்ற கடையில் வரிசை எண் குறித்த பில்லோடு வாங்குங்கள்.

கம்பெனி பரிந்துரைக்கும் 2டி ஆயிலை, பொதுவாக 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி வீதம் கலக்க வேண்டும். ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தென்னையின் வெளிப்பகுதி கடினமானது. செயின் சீக்கிரம் மழுங்கும். எனவே, அரமும் கூடுதலாக ஒரு செயினும் வாங்கிக்கொள்ளுங்கள். பார் நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால், மெஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். ஹெல்மெட், கண்ணாடி, காலுறை, பூட்ஸ் ஆகியவற்றுக்கான செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.''