காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லும் கனவான்களுக்கு

போன மாசம் வில்லியனூர் டீக்கடை ஒண்ணுல சக பதிவர் ஒருத்தரோட பேசிட்டு இருந்தேன். நான் பழைய செயின்சா ரிப்பேர் பண்ற கிறுக்கன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். நண்பர் ஆரம்பிச்சார். "ஏங்க, மரம் வெட்டுற மெஷினுக்குப் போயி உசுரைக் குடுக்கறீங்களே, பாவம் இல்லையா? அதுவும் ஓட்டை மெஷின். எடைக்குப் போட்டுட்டு ஆன்லைன்ல ஏழாயிரம் ரூபாய்க்குப் புதுசு வாங்கினா வேலைக்காரனும் பொழைச்சுப் போவான்ல?"

ஒரே மூச்சுல ரெண்டு வாதம். ஒண்ணு மரத்தைக் காப்பாத்துறதுக்கு, இன்னொண்ணு அதே மரத்தைப் புது மெஷினால அறுக்குறதுக்கு. எதுக்கு முதல்ல பதில் சொல்றதுன்னு தெரியாம டீக்குக் காசைக் குடுத்துட்டு வந்துட்டேன். இப்ப சொல்றேன், ஆட்டோ அனுப்பாம படிங்க.

பாவக் கணக்கைச் சீக்கிரம் முடிச்சுடலாம். 2021 டிசம்பர்ல ஆரோவில்ல கிரவுன் சாலைக்காக மரங்களைச் சாய்ச்சது ஜேசிபி. ஜேசிபி மெக்கானிக்கை யாராவது பாவின்னு சொன்னீங்களா? 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறிச்சே, அப்ப பாகூர் பக்கம் எந்தத் தெருவுல நடக்க முடிஞ்சது? புளி, வேம்பு, தென்னை, கரண்டு கம்பம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்துச்சு. அந்த வாரம் அறுக்குற மெஷின் வச்சிருந்தவன்தான் ஊருக்கே சாமி. பாவ புண்ணியத்தை வெட்டச் சொல்றவங்ககிட்ட வச்சுக்கங்க.

இப்ப அந்த 'ஓட்டை' மெஷினுக்கு வர்றேன். (சங்கிலி வாள்னு எழுதணுமாம். எழுதலாம், தப்பில்ல. ஆனா எங்க ஊர்ல அது 'அறுக்குற மெஷின்'தான்.)

என்கிட்ட வந்தது ஸ்டில் 070. பாகூர் பக்கத்து மரம் அறுக்குற அண்ணன் ஒருத்தர் செகண்ட் ஹேண்டா வாங்கினது. தானே புயலுக்கு அப்புறம் மூணு மாசம் அவர் வீட்டுல அடுப்பெரிஞ்சதே அதனாலதான். 106 சிசி, பார் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல கனம். இதோட அப்பன் 1959-ல வந்த கான்ட்ரா. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல போட்ட கரண்டு ரம்பத்தை ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும். கான்ட்ரா கியரே இல்லாம 12 கிலோவுல ஒத்த ஆள் கைக்கு வந்துடுச்சு. இன்னிக்கு நீங்க பார்க்குற சங்கிலிப் பல்லும் ஒரு புழுவைப் பார்த்து வந்ததுதான். அமெரிக்காவுல ஜோசஃப் காக்ஸ்னு ஒருத்தர் 1946-ல மரத்தைக் குடைஞ்சுட்டு இருந்த வண்டுப் புழு ஒண்ணு இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கடிக்கிறதைப் பார்த்துட்டு அதே மாதிரி பல்லு அடிச்சார். அதுக்கு முன்னாடி இருந்த சங்கிலி மரத்தை அறுக்கலை, பிராண்டிட்டு இருந்துச்சு.

அண்ணனோட மெஷின் ஸ்டார்ட் ஆகலை. டீலர் கவுன்ட்டர்ல (யாருன்னு கேட்காதீங்க) "அந்த மாடலுக்கு எதுவும் வராது, புதுசு எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். பிரிச்சுப் பார்த்தா பெரிய நோவே இல்ல. பாயின்ட்ல கரி. கண்டென்சர் போயிருந்துச்சு. கார்புரேட்டர் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி மொடமொடன்னு கிடந்துச்சு. கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் ரெண்டும் கல்லாயிடுச்சு. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பாதி மெக்கானிக்குங்க பார்க்க மாட்டாங்க. சீல் வழியா காத்து உள்ள போச்சுன்னா பெட்ரோல் கலவை இளைச்சுடும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கும். ஆள் வந்து புது பிஸ்டன் போட்டுட்டுப் போவான், பத்து நாள்ல அதுவும் ஒட்டிக்கும். அப்புறம் 'ஓட்டை மெஷின்'னு பேரு வச்சுடுவாங்க. சைக்கிள் டியூபை வெட்டி சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைச்சுட்டு, பிளக் ஓட்டை வழியா லேசா காத்தடிச்சு சோப்புத் தண்ணி தடவினா எங்க நுரைக்குதுன்னு கண்ணாலயே பார்க்கலாம். செலவு ஒரு சோப்புக்கட்டி.

இன்னொரு எதிரி புதுசு. 2023 பிப்ரவரியில 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்க ஆரம்பிச்சாங்க, 2025-ல எங்க போனாலும் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய காலத்து ரப்பரைத் தின்னும். ஒரு மழைக்காலம் டேங்க்லயே விட்டு வச்சீங்கன்னா தண்ணி தனியா அடியில நிக்கும். வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணிட்டு, கார்புரேட்டர் வறண்டு தானா நிக்கிற வரைக்கும் ஓடவிடணும். சொன்னா யாரு கேக்குறா? ஆயிலும் அப்படித்தான், கண்ணளவு. லிட்டருக்கு 40 மில்லி ஊத்துங்கடான்னா 'கொஞ்சம்' ஊத்துவாங்க.

சீல், டயாஃப்ரம், கண்டென்சர், ரிங் எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்து நானூறு ஆச்சு. என் கூலி ஒரு பலாப்பழம்.

இதுவரைக்கும் நான் ஜெயிச்சுட்டேன்னு நினைக்கிறீங்களா? இல்ல. நண்பர் சொன்னதுல ஒரு வார்த்தை மட்டும் ராத்திரி தூங்கவிடலை. 'வேலைக்காரன் பொழைச்சுப் போவான்.'

நான் ஒரு தப்பு பண்ணேன். மெஷினைத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, பார்க்க மாப்பிள்ளை மாதிரி ஆக்கித்தான் அண்ணன் கையில குடுத்தேன். அதுல செயின் பிரேக் கிடையாது. அந்தக் காலத்துல எதுலயும் கிடையாது, 1970-கள்ல தான் வந்துச்சு. பார் மூக்கோட மேல்பாதி எதுலயாவது பட்டுச்சுன்னா மெஷின் எகிறி மூஞ்சிக்கு வரும். பிரேக் இருந்தா முன்னாடி இருக்குற தகடு கையில தட்டி, கண்ணிமைக்கிறதுக்குள்ள சங்கிலி நிக்கும். இல்லேன்னா நிக்காது. இது எனக்குத் தெரியும். அவர்கிட்ட உட்கார்ந்து சொல்லலை. 'இத்தனை வருசம் ஓட்டின ஆளாச்சே'ன்னு விட்டுட்டேன். நல்லா அறுக்கணும்னு சங்கிலிக்குப் புதுசா அரம் போட்டு, பல்லு முன்னாடி இருக்குற தடுப்பையும் கொஞ்சம் அதிகமாவே ராவிட்டேன். அது எகிறுறதைக் கூட்டும். ரெண்டாவது வாரம் இடுப்புக்கு மேல ஒரு கிளையை அறுக்கும்போது மூக்கு பட்டுடுச்சு. பனியன் கிழிஞ்சு தோள்ல ஏழு தையல். நாலு விரக்கடை தள்ளிப் பட்டிருந்தா கழுத்து. ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்து, "மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி, நான்தான் அசந்துட்டேன்"னு சொன்னார். அதைக் கேட்டுட்டு வெளிய வந்து ரொம்ப நேரம் பைக்கை எடுக்க முடியலை.

அப்ப நண்பர் சொன்ன மாதிரி ஏழாயிரம் ரூபாய் புதுசா? அதுல பிரேக் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அப்படிப்பட்ட மெஷின் இந்த ஒரு வருசத்துல என் கைக்கு மூணு வந்துச்சு. ரெண்டுல பிரேக் லிவர் பிளாஸ்டிக் உடைஞ்சு, கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. ஒண்ணுல பேரிங் போய் சங்கிலி தானா சுத்துது. வாங்கி எட்டு மாசம். அதுக்கும் பார்ட்ஸ் கிடையாது, ஏன்னா பெட்டி மேல இருக்குற பேரே அடுத்த வருசம் இருக்காது. பிரேக் இல்லாத மெஷின் ஆபத்து. பிரேக் இருக்குன்னு நம்பவச்சு உடைஞ்சுபோற மெஷின் அதைவிட ஆபத்து. நல்ல கம்பெனி புதுசு பல மடங்கு விலை. அண்ணன் எங்க போவார்?

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு குழு போட்டுச்சு. விவசாயக் கருவிகளும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. அந்த டிசம்பர்லயே வலைவாசலும் திறந்தாங்க. சந்தோஷம். ஆனா ஒரு டயாஃப்ரத்துக்காக நான் இன்னும் அதே கவுன்ட்டர்ல "வராது சார்"தான் கேட்டுட்டு இருக்கேன். கனவான்களே, கோவப்படணும்னா அங்க கோவப்படுங்க, உங்களோட சேர்ந்து நானும் கத்துறேன்.

என் பட்டறையில இப்ப வழக்கம் மாறிடுச்சு. பெயின்ட் அடிக்கிறதில்ல. பழைய மெஷின் தரையில கிடக்குற கட்டையைத் துண்டு போட மட்டும், இடுப்புக்கு மேல தூக்கக் கூடாது, மூக்கை நுழைக்கக் கூடாது. தடுப்பை கேஜ் வச்சுத்தான் ராவுவேன். மாட்டேன்னு சொல்றவங்க மெஷினை நான் தொடுறதில்ல. ரெண்டு பேர் திட்டிட்டுப் போயிட்டாங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையேறி ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சே, மறுநாள் காலையில முழங்கால் தண்ணியில அண்ணன் வந்து நின்னார். "தம்பி, ரோட்டுல வேம்பு கிடக்கு, எடு." நாலாவது இழுப்புல பிடிச்சுது. கிளையெல்லாம் அரிவாளும் கைரம்பமும்தான். அடிமரத்துக்கு மட்டும் மெஷின்.

பி.கு.: 070-க்குப் பழைய பாயின்ட் செட் யார் வீட்டுப் பரண்லயாவது கிடந்தா சொல்லுங்க. காசு குடுத்துடறேன், பலாப்பழம் என் வகையில.