மருந்து அலமாரியில் ராஜபாளையம்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னதுமே உங்களுக்கு நாக்கில் பால்கோவா இனிக்கும். ராஜபாளையம் என்றால் வாசலில் வெள்ளை நாய் குரைக்கும்! ஆனால் அந்தச் சீமையிலிருந்து ஓசைப்படாமல் உங்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கக் கூடிய சாமான் வேறொன்று உண்டு. மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். பஞ்சுச் சுருளும், காயத்துக்குக் கட்டும் துணியும் இருக்கின்றன அல்லவா? அவைதாம்.

ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் நூற்பாலை ஒன்றை நிறுவினார். 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் பிறந்தது. உலக யுத்தம் மூண்டதும் அதே வருஷந்தான்! சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தி விளையும் மண். ஆஸ்பத்திரிகளுக்கோ பஞ்சு வேண்டும்.

"தலையணையைப் பிரித்தால் பஞ்சு கிடைக்கிறதே! அதற்கு ஒரு மில்லா?" என்று கேட்கிறீர்களா? ஒரு கிண்ணம் தண்ணீரில் தலையணைப் பஞ்சைக் கிள்ளிப் போடுங்கள். மிதக்கும். மருந்துக் கடைப் பஞ்சைப் போடுங்கள். சில விநாடிகளில் நனைந்து முழுகிவிடும். பஞ்சின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பசை படிந்திருக்கிறது. அது போகும் வரை காரச் சோடாவில் வேக வைத்து, வெளுத்து, அலசி, உலர்த்தி எடுத்தால்தான் ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும். இங்கிலாந்தில் காம்ஜி என்ற டாக்டர் 1880-இல், இத்தகைய பஞ்சை மெல்லிய துணிக்குள் வைத்துக் காயத்துக்குக் கட்டும் முறையைக் கண்டுபிடித்தார்.

இந்தத் தொழில் ஆலைச் சுவருக்குள் அடங்கிவிடவில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இன்று விசைத்தறிகள் பாண்டேஜ் துணி நெய்கின்றன. நம் ஊர் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. கடல் கடந்தும் போகிறது. அதைச் சுருட்டி, மடித்து, கட்டுப் போடும் வேலையில் எத்தனையோ பெண்களின் கைகள்!

நூல் விலை ஏறினால் அங்கே தறிகள் தடுமாறுகின்றன. கூலி போதவில்லை என்று தறிகள் நின்ற நாட்களும் உண்டு. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடுமே! ஊரார் காயத்துக்கெல்லாம் துணி நெய்கிறவர்களுக்கு ஏற்படும் இந்தக் காயத்தை எந்தத் துணியால் கட்டுவது? நியாயமான கூலியால்தான்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுது வரும்போது முதலில் கட்டுப் போட்டு விடுங்கள். அழுகை ஓய்ந்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு, பாண்டேஜ் விலை இரண்டு ரூபாய் கூடிவிட்டதே என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பு முன், அந்தப் பெண்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள்!