எள்ளல் எவர் மீது?

2024 நவம்பர் 15 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் மேடையேறியபோது அவருக்கு வயது 58. எதிரே நின்ற ஜேக் பாலுக்கு 27. யூடியூப் காணொளிகளால் பெயர் பெற்றுப் பின்னர் குத்துச்சண்டைக்கு வந்தவர். 3 நிமிடச் சுற்று 2 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. 10 அவுன்ஸ் கையுறைக்கு மாறாக 14 அவுன்ஸ் கையுறை அணிவிக்கப்பட்டது. இத்தனை சலுகை வேண்டியிருந்த ஒன்றைக் காட்சிப் போட்டி என்னாமல், முறையான தொழில்முறைப் போட்டி என்றே அம்மாநில உரிமத் துறை ஏற்றுக்கொண்டது. 8 சுற்றுகளில் டைசன் வீசிய 97 குத்துகளுள் எதிரியைத் தொட்டவை 18. இடையிடையே தம் கையுறையையே கடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் கேலிச் சித்திரங்களும் நையாண்டிப் பத்திகளும் உலகெங்கும் குவிந்தன.

தளர்ந்துவிட்ட ஒரு வீரனை விளையாட்டு எழுத்தாளர் இவ்வாறு எள்ளி நகையாடலாமா? எள்ளலே கூடாது என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. தொல்காப்பியம் அங்கதத்தைச் செய்யுள் வகையுள் வைத்து, நேர்படப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என வகுத்தும் காட்டியது. ஆனால் நம் மரபின் தலைசிறந்த அங்கதம் எவர்மேல் ஏவப்பட்டது என்பதை நினைக்க வேண்டும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான். நெய் பூசி, பீலி சூட்டிக் காவலில் வைத்த அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் பழித்தார் அவர். நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்த அதியமானின் வேல்களைப் பழிப்பதுபோலப் புகழ்ந்தார். நகைப்புக்கு உரியவன் அரண்மனையில் இருந்த மன்னன். தேய்ந்த வேல் போர் கண்டதன் சான்று.

குத்துச்சண்டையைப் பிற ஆட்டங்களோடு ஒருங்கு வைத்துப் பேசுவது முதற்பிழை. வயதேறிய மட்டையாளர் எளிய பந்தைத் தவறவிட்டால் ஆட்டமிழந்து வெளியேறுவார். நாம் சிரித்தாலும் கேடில்லை. குத்துச்சண்டையிலோ கால் ஒரு நொடி தாமதித்தால் அடி தலையில் விழுகிறது. அந்தத் தாமதமே முந்தைய அடிகளின் விளைவாகவும் இருக்கலாம். 1928இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், நெடுநாள் அடிவாங்கிய குத்துச்சண்டை வீரரிடம் காணும் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் மூளைச் சிதைவோடு தொடர்புபடுத்தி எழுதினார். அரங்கிலிருந்த இரசிகர்களோ அதற்கு முன்பே அத்தள்ளாட்டத்தைக் கண்டுகொண்டு பட்டப்பெயர்கள் சூட்டி மகிழ்ந்திருந்தனர். அப்பெயர்களை மார்ட்லண்டே தம் கட்டுரையில் குறித்துவைத்தார். மருத்துவம் நோய் என்று அறிவதற்கு முன்பே அரங்கம் அதை வேடிக்கையாக்கிவிட்டிருந்தது. 100 ஆண்டுகள் ஆகப்போகும் இந்நாளில், அறியாமல் சிரித்தோம் என்று எவரும் சொல்ல இயலாது.

அப்படியானால் மௌனமும் வழிபாடும்தான் மாற்றா? அவை இன்னும் கொடியவை. குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் 1980ஆம் ஆண்டே இதற்குச் சான்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியவர்தான் அவர். நம் ஊர் திரண்டு நின்று கொண்டாடியது. அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி இவர் ஆடக் கூடாது என்று வலியுறுத்தியும் பயனின்றி 1977லேயே விலகியிருந்தார். லாரி ஹோம்ஸுடனான போட்டிக்கு முன்னர் உரிமம் வழங்கும் நெவாடா மாநில ஆணையம் கேட்க, புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் அலி சோதிக்கப்பட்டார். பேச்சில் சிறு தடுமாற்றம், ஒற்றைக்காலில் துள்ளுவதில் குறை, விரலால் மூக்கைத் தொடுவதில் சிறு பிசகு ஆகியவை அவ்வறிக்கையில் இருந்தன. உரிமம் வழங்கப்பட்டது. தைராய்டு மருந்தால் உடல் மெலிந்து, கருமுடி மினுங்க அவர் தோன்றியபோது, பழைய அலி திரும்பிவிட்டார் என்று வியந்து எழுதிய பேனாக்கள் பல. அந்த வியப்பும் நுழைவுச்சீட்டுகளை விற்றது.

அக்டோபர் 2ஆம் நாள் லாஸ் வேகாஸில் நிகழ்ந்ததைச் சண்டை என்பது பொருந்தாது. ஒரு சுற்றையும் அலி வெல்லவில்லை. ஒரு காலத்தில் அவருக்கே பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸ், பின்னர் தம் வெற்றிக்காகக் கண்ணீர் விட்டார். 10ஆம் சுற்றின் முடிவில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். பேசிய ஊதியத்தில் 10 இலட்சம் டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்தார் என்று, போட்டியை அமைத்த டான் கிங் மீது அலி வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டும் ஒரு போட்டி, பஹாமாஸ் தீவில், அதிலும் தோல்வி. 1984இல் பார்கின்சன் நோய்க்குறி கண்டறியப்பட்டது. அதற்குக் குத்துகள் மட்டுமே காரணமா என்பதை மருத்துவர்கள் விவாதிக்கட்டும். 1980 கோடையில், அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உரிமம் தந்த ஆணையத்தை நாடே நகைக்கும்படி ஒருவர் எழுதியிருந்தால், அது அலிக்குச் செய்த பேருதவியாகியிருக்கும்.

எள்ளலுக்குக் காலம் உண்டு. ஒப்பந்தம் எழுதப்படுவதற்கும் மணி ஒலிப்பதற்கும் இடையில் எழுதப்படும் நையாண்டி ஒரு மனிதனைக் காக்கக்கூடும். மணி ஒலித்த பின்னர் எழுதப்படுவது, விழுந்தவன்மேல் விழும் இன்னோர் அடி.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, வலிய மறுப்பே. எள்ளலில் அலியை விஞ்சியவர் எவர்? தம்மோடு மோதிய லிஸ்டனைக் கரடி என்றார். ஃபிரேசியரைக் கொரில்லா என்றார். அச்சொல் ஃபிரேசியரை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. அதை நாம் மெச்சவில்லை. ஆயினும் ஃபிரேசியருக்கு மறுமொழி கூற இரு கைகள் இருந்தன. 1971 மார்ச் 8 அன்று 15ஆம் சுற்றில் அலியைத் தரையில் வீழ்த்தவும் செய்தார். எழுத்தாளன் ஏளனத்திற்கு மேடையில் தள்ளாடுபவன் தரும் மறுமொழி யாது?

டைசன் பரிவுக்கு உரியவரா என்றும் கேட்பர். 1992இல் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர். 1997இல் தம்மோடு மோதிய ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தவர். பெருந்தொகைக்காகத் தாமே விரும்பி மேடையேறியவர். முதலாவது குற்றம்; அதைக் குற்றம் என்றே எழுத வேண்டும், முழங்கால் நடுக்கத்தைப் பற்றிய கேலியால் அதற்கு நீதி கிட்டாது. தற்பெருமையும் பணவேட்கையும் நகைக்கத்தக்கவையே. ஆனால் 2024இலேயே வயிற்றுப்புண் குருதிப்போக்கால் போட்டி ஒத்திவைக்கப்பட்டிருந்தும், அவரைத் தகுதியானவர் என்று மேடையேற்றியோரையும், உலகெங்கும் நேரலையில் விற்ற நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தையும் கேலிப் பத்திகளுள் எத்தனை தீண்டின?

அதே ஹோலிஃபீல்டின் கதையைப் பாருங்கள். 2004இல், அவரது 42ஆம் வயதில், திறன் குன்றிவிட்டது எனக் காரணம் காட்டி நியூயார்க் ஆணையம் அவரைத் தடுத்தது. 2021இல், அவரது 58ஆம் வயதில், கலிபோர்னியாவில் நடக்கவிருந்த போட்டியைப் புளோரிடாவுக்கு நகர்த்தி, நோயுற்ற மற்றொரு வீரருக்கு மாற்றாக அவரை இறக்கினர். அப்போது முன்னாள் அதிபராக இருந்த டிரம்ப் வருணனை செய்ய, முதற்சுற்றிலேயே போட்டி நிறுத்தப்பட்டது. நியூயார்க்கின் தடையாணையையும் புளோரிடாவின் ஒப்புதலையும் அருகருகே வைத்தாலே கூரிய அங்கதம் ஒன்று எழுதிவிடலாம். ஹோலிஃபீல்டின் கால்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டியிராது.